டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேரலாமா? சென்னைக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

உறுப்பினர்கள் கூடி மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பேசக் கற்றுக்கொடுக்க வாத்தியார் கிடையாது. வகுப்பும் கிடையாது. பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன, அவற்றைப் படித்துக்கொள்வது உறுப்பினரின் பொறுப்பு. இது தெரியாமல் சேருகிறவர்கள் சில கூட்டங்களிலேயே சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள். அப்படியிருந்தும், சென்னையில் மேடைப் பேச்சு பழகக் கிடைக்கும் வழிகளில் முதலில் முயன்று பார்க்கவேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து. இங்கே நீங்கள் பேசும்போது ஒருவர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து முழுக்கக் கேட்பார். பேசி முடித்த அன்றைக்கே, எல்லார் முன்னாலும் எழுந்து, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று சொல்வார். நம் ஊரில் பேச்சுக்குக் கைதட்டுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். இப்படிக் கேட்டுச் சொல்வதற்கு ஆள் கிடைப்பதுதான் அரிது.

1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி கூட்டிய கூட்டத்திலிருந்து வளர்ந்த லாப நோக்கமற்ற அமைப்பு இது. 18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். நேரடியாகத் தலைமையகத்தில் சேர முடியாது, ஏதாவது ஒரு மன்றத்தின் வழியாகத்தான் உறுப்பினர் ஆகலாம். தமிழில் நடக்கும் மன்றங்கள் ‘சொல்வேந்தர் மன்றம்’ என்று பெயர் வைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். சென்னையில் ஆங்கில மன்றங்களே அதிகம். ஆனால் அமைப்பும் விதியும் இரண்டுக்கும் ஒன்றே.

ஒரு கூட்டம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும். தயாரித்து வந்த பேச்சுகள், அங்கேயே தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லும் டேபிள் டாபிக்ஸ், கடைசியில் மதிப்பீடு என்று மூன்று பகுதி. இவற்றைச் சுற்றி நேரம் பார்க்கும் டைமர், தேவையில்லாத சொற்களை எண்ணும் ஆ கவுண்டர், மொழியைக் கவனிக்கும் கிராமரியன், பேச்சை மதிப்பிடும் இவாலுவேட்டர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. சேர்ந்தவுடன் மேடையில் ஏறிப் பேசுவதிலேயே குறியாக இருப்பவர்கள் இந்தப் பொறுப்புகளை எடுபிடி வேலையாக நினைத்துத் தட்டிக்கழிக்கிறார்கள். பாதிப் பயிற்சி அங்கேதான் இருக்கிறது.

முதலில் கடிகாரம். வழக்கமான தயாரித்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு என்று அட்டையோ விளக்கோ காட்டப்படும். முதல் பேச்சான ஐஸ் பிரேக்கருக்கு 4 முதல் 6 நிமிடம், டேபிள் டாபிக்ஸுக்கு 1 முதல் 2 நிமிடம், மதிப்பீட்டுக்கு 2 முதல் 3 நிமிடம். போட்டியாக இருந்தால் தயாரித்த பேச்சுக்கும் மதிப்பீட்டுக்கும் இரு பக்கமும் 30 விநாடி சலுகை உண்டு. அதாவது 5-7 பேச்சை 4 நிமிடம் 30 விநாடிக்கு முன் முடித்தாலும், 7 நிமிடம் 30 விநாடியைத் தாண்டினாலும் தகுதி போய்விடும்.

தமிழ் மேடைக்குப் பழகியவர்களுக்கு இந்தக் கடிகாரம் முதலில் கடுமையாகத்தான் இருக்கும். நம் பள்ளிப் பேச்சுப் போட்டி வழக்கப்படி தலைவர், நடுவர், ஆசிரியர் பெருமக்கள், முன்வரிசை, பின்வரிசை என்று எல்லாரையும் விளித்து, அவையடக்கம் சொல்லி, பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். போட்டி விதிப்படி, பேச்சாளர் வாயைத் திறந்த கணத்திலிருந்து, அல்லது சைகை காட்டிய கணத்திலிருந்தே நேரம் ஓடத் தொடங்குகிறது. விளிப்புக்கு ஒரு நிமிடம் போனால் ஏழில் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிட்டது. ‘அவைக்கு வணக்கம்’ என்ற இரண்டு சொல் போதும். இன்னும் நல்லது, பேச்சின் முதல் வாக்கியத்தைச் சொல்லி, அவை நிமிர்ந்து பார்த்தபின் வணக்கம் சொல்வது.

எத்தனை பக்கம் எழுதினால் ஏழு நிமிடம் வரும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் பாலும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளம், எண்ணிக்கை குறைவு. ஆகவே உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: எழுதியதில் ஒரு பக்கத்தை, எதிரே ஆள் இருப்பதுபோல் உரக்கப் பேசி, போனில் நேரம் பாருங்கள். கிடைக்கும் வேகத்தை வைத்து ஏழு நிமிடத்துக்கு அல்ல, ஐந்தரை நிமிடத்துக்கு எழுதுங்கள். அறையில் சிரிப்பு வரும், நீங்கள் தண்ணீர் குடிப்பீர்கள், ஒரு வரி மறந்து திரும்பச் சொல்வீர்கள். மீதி நேரம் அதற்கே சரியாக இருக்கும். சிவப்பைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டி எல்லாவற்றையும் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முடிவு வாக்கியத்தை மட்டும் தனியாக மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால், மஞ்சள் விழுந்ததும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு அங்கே தாவலாம்.

அடுத்து ஆ கவுண்டர். பேச்சில் விழும் ‘ஆ’, ‘உம்’, தேவையில்லாத ‘ஸோ’ எல்லாவற்றையும் இவர் எண்ணுகிறார். ஆங்கில மன்றத்தில் ‘ஆக்சுவலி’, ‘பேஸிக்கலி’, ‘லைக்’. தமிழில் எண்ண வேண்டியவை வேறு: ‘வந்து’, ‘வந்துட்டு’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘பார்த்தீங்கன்னா’. “நான் இன்னிக்கு வந்து, உங்ககிட்ட வந்து, ஒரு முக்கியமான விஷயத்தைப் பத்தி வந்து” என்று தொடங்கும் பேச்சை எல்லாருமே கேட்டிருக்கிறோம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. என்ன வினையில் முடிக்கப்போகிறோம் என்று தீர்மானிக்காமல் வாயைத் திறந்தவர், அது கிடைக்கும்வரை நடுப்பகுதியை இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பில்தான் ‘வந்து’ நுழைகிறது. தைரியம் வந்துவிட்டால் இது தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. வாக்கியத்தைச் சுருக்கினால்தான் போகும். முடியும் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. முடிந்ததும் உதட்டை மூடி ஒரு மூச்சு விடுங்கள். பேசுகிறவருக்கு அந்த மௌனம் நீளமாகத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு தேவையில்லாத சொல்லுக்கும் மணி அடிக்கும் பழக்கம் சில மன்றங்களில் உண்டு. புதியவர்களுக்கு இது நல்லதல்ல. கவனம் பேச்சிலிருந்து மணிக்குப் போய், இன்னும் தடுமாறுவார்கள். கூட்டம் தொடங்கும் முன் ஆ கவுண்டரிடம் போய், “எனக்கு ‘அதாவது’ மட்டும் எத்தனை தடவை வருதுன்னு பாருங்க” என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும். ஒரு நேரத்தில் ஒரு சொல்லைத்தான் விரட்ட முடியும்.

இனி மதிப்பீடு. இந்தச் சேவையின் உயிர் இதுதான், மன்றத்துக்கு மன்றம் தரம் அதிகம் மாறுவதும் இதில்தான். முதலில் பாராட்டு, நடுவில் திருத்தம், கடைசியில் மறுபடி பாராட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் வாய்பாடு. இதை இயந்திரம்போல் பின்பற்றினால் மூன்று நிமிடமும் சர்க்கரைப் பாகாகி, நடுவில் இருந்த ஒரு திருத்தம் யார் காதிலும் விழுவதில்லை. ஒருவர் 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிப் பேசினார் என்று வைத்துக்கொள்வோம். “தலைப்பு அருமை, உணர்ச்சி இருந்தது, குரலில் ஏற்ற இறக்கம் இன்னும் வேண்டும், மற்றபடி பிரமாதம்” என்று ஒரு மதிப்பீடு. இதைக் கேட்டவர் அடுத்த வாரம் எதை மாற்றுவார்? இன்னொன்று: “‘முழங்கால் வரை தண்ணீர்’ என்று சொன்னபோது கையை இடுப்புவரை உயர்த்தினீர்கள். எங்கள் கண் கையோடு போனது, சொல் தவறிவிட்டது. அளவைச் சொல்லி முடியுங்கள், பிறகு கையால் காட்டுங்கள்.” இதில் எந்த இடம், என்ன நடந்தது, அவைக்கு என்ன ஆனது, மாற்றாக என்ன செய்யலாம் என்ற நான்கும் இருக்கின்றன. மன்றம் தேடும்போது பேச்சாளர்களைக் கேட்டு மயங்காதீர்கள். இரண்டாவது வகை மதிப்பீடு அன்றைய கூட்டத்தில் ஒன்றாவது இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மன்றம் எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் வேண்டாம்.

நீங்களே மதிப்பிடும் முறை வரும்போது ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரம், நடுவில் பேச்சாளர் சொன்ன சொல் அப்படியே, வலப்பக்கம் அந்தக் கணத்தில் அவையில் என்ன நடந்தது. யாரோ போனை எடுத்தார்கள், இருவர் சிரித்தார்கள், பின்வரிசை முன்னால் சாய்ந்தது என்பதெல்லாம் வலப்பக்கத்துக்கு. பேச்சு தொடங்கும் முன்பே பேச்சாளரிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்தில் இரண்டு செய்திக்குத்தான் இடம்: அவர் தொடர்ந்து செய்யவேண்டியது ஒன்று, மாற்றவேண்டியது ஒன்று. பேச்சின் கருத்தோடு வாதாடக் கூடாது. இப்படிச் சில முறை செய்தவர்கள் அலுவலகக் கூட்டங்களில் பிறர் பேசுவதைக் கேட்கும் விதமே மாறிவிடும். நல்ல பேச்சாளராவதற்கு மேடையைவிட இந்த நாற்காலி விரைவான வழி என்றே சொல்வோம்.

டேபிள் டாபிக்ஸ் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மிகவும் உதவும். தலைப்பு கையில் வந்த நொடியில் பேச வேண்டும், குறைந்தது ஒரு நிமிடம். “இந்த அருமையான தலைப்பைத் தந்தமைக்கு நன்றி” என்று தொடங்குவது யோசிக்க நேரம் வாங்கும் உத்தி, ஆனால் அந்த நன்றியைச் சொல்லும்போது மூளை நன்றியைத்தான் யோசிக்கும். பேசாமல் இரண்டு நொடி நில்லுங்கள். முதல் வாக்கியத்திலேயே உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள்: ஆம், இல்லை, எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது. பிறகு ஒரே ஓர் உதாரணம், இடமும் ஆளும் தெரிகிற மாதிரி. பச்சை விழுந்ததும் முடிக்கப் பாருங்கள். மூன்று காரணம் சொல்கிறேன் என்று அறிவித்துவிட்டு மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பாத்வேஸ் என்ற இணையப் பாடத்திட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிலைகளைக் கடக்க வேண்டும். பாடங்கள் பொதுவானவை, அமெரிக்க அலுவலகச் சூழலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முதல் நிலையில் வரும் ஒரு பயிற்சி மட்டும் தனித்து நிற்கிறது: ஒரு பேச்சைப் பேசி, வந்த மதிப்பீட்டை உள்வாங்கி, அதைப் பயன்படுத்தி இன்னொரு முறை பேசி, பிறகு வேறொருவரை மதிப்பிட வேண்டும். நிலைகளை விரைவாக முடித்துச் சான்றிதழ் வாங்குவதில் காட்டும் அவசரத்தை விட்டு, இந்த ஒரு பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தாலே போட்ட பணம் வீண்போகாது.

கிடைக்காதவற்றையும் சொல்லவேண்டும். பெரும்பாலான மன்றங்கள் சிறிய அறையில், மைக் இல்லாமல் நடக்கின்றன. ஆனால் சென்னையில் கல்யாண மண்டபம், சபா, குடியிருப்போர் சங்கம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்தான். மன்றத்தில் தேர்ந்தவர்கள்கூட மைக் முன் சொதப்புவது இதனால். கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், உதட்டுக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வாய்க்கு எதிரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சு மோதி ‘டொப்’ என்று அடிக்கும். வலைத் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் மைக் ஒரு பக்க ஒலியை மட்டும் எடுக்கும் தன்மையை இழந்து, ஸ்பீக்கரின் ஒலியையும் திரும்ப வாங்கி ஊளையிடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அதே கதி. பக்கவாட்டில் திரும்பும்போது தலையோடு மைக்கும் திரும்ப வேண்டும். இவ்வளவையும் ஒலிபெருக்கிக்காரரிடம் விழாவுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்க் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி பதிலுக்கும் இங்கே பயிற்சி குறைவு. பேசுவார்கள், கைதட்டுவார்கள், உட்காருவார்கள். குறுக்குக் கேள்வி வராது. வாடிக்கையாளர் முன் விளக்கம் தருபவர், ஆய்வு மாணவர், வழக்கறிஞர் போன்றவர்களுக்கு இது பெரிய இடைவெளி. ஆங்கில உச்சரிப்பையும் இலக்கணத்தையும் சரிசெய்ய விரும்பி ஆங்கில மன்றத்தில் சேருவதும் வீண். கிராமரியன் நல்ல சொல்லாட்சியைக் குறித்துச் சொல்வார், அடிப்படையைக் கற்றுத்தர மாட்டார். அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புதான் போக வேண்டும். தமிழில் சரளமாகப் பேசுகிறவர் முதலில் தமிழ் மன்றத்தில் மேடைக் கூச்சத்தைப் போக்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. மொழித் தடுமாற்றத்தையும் கூட்டப் பயத்தையும் ஒரே நாளில் எதிர்கொள்ளத் தேவையில்லை.

செலவு. தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், சேரும்போது ஒரு முறை 20 டாலர். ரூபாயில் அரையாண்டுக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் வருகிறது. இதற்குமேல் அறை வாடகைக்காக மன்றம் தனியாகக் கொஞ்சம் வாங்கலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரையாண்டுகள் ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் தொடங்கும். நடுவில் சேர்ந்தால் மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும் கட்டணம். மாதம் இருமுறை கூடும் மன்றத்துக்கும் வாரந்தோறும் கூடும் மன்றத்துக்கும் தலைமையகக் கட்டணம் ஒன்றே என்பதால், போய்வர முடிந்தால் வாரந்தோறும் கூடுவதைத் தேர்ந்தெடுப்பது லாபம்.

போய்வர முடிவது என்பது சென்னையில் சாதாரண விஷயமல்ல. ஓஎம்ஆரில் வேலை பார்த்துவிட்டு அண்ணா நகரில் மாலைக் கூட்டத்துக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. கூட்டம் தொடங்கியபின் நுழைபவருக்குப் பொறுப்புத் தரமாட்டார்கள், பொறுப்பில்லாமல் பார்வையாளராக உட்காருவதில் பலன் குறைவு. வீட்டுக்கு அருகே வார இறுதிக் காலையில் கூடும் மன்றமே பலருக்கு ஒத்துவரும். ஐடி நிறுவனங்களுக்குள் நடக்கும் அலுவலக மன்றங்கள் வசதியானவை, சிலவற்றில் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்கும். ஆனால் உங்கள் மேலாளர் எதிரே உட்கார்ந்திருந்தால் தோற்றுப்பார்க்கும் சுதந்திரம் இருக்காது, அவர் பேச்சை நீங்கள் நேர்மையாக மதிப்பிடவும் முடியாது. இரண்டும் கிடைக்கும் என்றால் வெளி மன்றமே நல்லது.

பணம் கட்ட முடியாதவர்களுக்கும் சென்னை கைவிரிப்பதில்லை. அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் இலக்கியக் கூட்டங்களும் நூல் வெளியீடுகளும் நடந்துகொண்டே இருக்கின்றன. அங்கே போய் மேலே சொன்னபடி மூன்றாகப் பிரித்த தாளோடு உட்காருங்கள். யார் எந்த நிமிடத்தில் அவையை இழந்தார், யார் மீட்டார் என்று எழுதுங்கள். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு மொட்டை மாடியில் இதே அமைப்பை, போன் டைமரையும் மூன்று வண்ண அட்டையையும் வைத்து நடத்தலாம். விருந்தினராக மன்றங்களுக்குப் போவதற்கும் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. வெவ்வேறு மன்றங்களில் விருந்தினராக உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள். விருந்தினரையும் டேபிள் டாபிக்ஸுக்கு அழைப்பதுண்டு, விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், ஆனால் போய்ப் பேசிப் பாருங்கள்.

சேரும் முன் மன்றத்தின் கல்வித் துணைத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பேச்சுக்கான தேதிகளையும் பொறுப்புகளையும் பகிர்ந்து கொடுப்பவர் அவர்தான். என் ஐஸ் பிரேக்கருக்கு எந்தத் தேதி கிடைக்கும்? அதற்கு முன் டைமராகவும் ஆ கவுண்டராகவும் எந்தக் கூட்டங்களில் போடுவீர்கள்? இரண்டுக்கும் அங்கேயே அட்டவணையைத் திறந்து தேதி சொன்னால் கட்டணம் கட்டலாம். “சேருங்க, பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அடுத்த மன்றத்துக்குப் போங்கள்.